யார் எச்சில்

எங்கள் வீட்டில் எச்சில் என்பது வெறும் சொல் இல்லை, அது ஒரு வழக்கு. டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அம்மா நாக்கில் விட்டுப் பார்க்கவே மாட்டார். கொதிக்கிற வாசனையிலேயே தெரிந்துவிடும் என்பார். தெரிவதாக அவராகவே சொல்லிக்கொள்வதுதான், பாதி நாள் உப்பு தூக்கலாகவே இருக்கும். விருந்தாளி யாராவது டம்ளரில் உதட்டை வைத்துவிட்டால், அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அந்த டம்ளர் புளியோடும் சாம்பலோடும் போராடிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, இருபத்தொன்பது வயதில், நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில், எச்சில் வழியாகப் பரவும் நோய் ஒன்று வந்தது. வருவதற்கு வேறு வீடே அதற்குக் கிடைக்கவில்லை.

பெண்ணைப் பார்த்துச் சொன்னவர் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். பெண்ணின் குடும்பம் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே. அவளுக்குப் பங்சாரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, எனக்குக் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் கம்பெனியில். பெரியவர்கள் அனுமதியோடு சில முறை சந்தித்திருந்தோம். சாலையைக் கடக்கும்போது நிற்காமல் போகும் கார்க்காரர்களை அவள் சுத்தமான தமிழில், அவர்கள் காதில் விழாத குரலில் திட்டுவாள். அந்த ஒன்றுக்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுடைய அப்பா ரயில்வேயில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு முன் வந்த மாப்பிள்ளை ஒருவரை, காலணியை வாசலில் கோணலாகக் கழற்றிவிட்டார் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர். அவர் வாயிலிருந்து எனக்குச் சம்மதம் வந்தபோது நான் பட்ட சந்தோஷத்தை இங்கே எழுதினால் வெட்கமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவளும் நானும் பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் செண்டோல், அதாவது தேங்காய்ப்பால் ஊற்றிய ஐஸ், சாப்பிட்டோம். என் கரண்டி கை தவறிக் கீழே விழுந்தது. வேறு கரண்டி வாங்கிவர எழுந்தேன்.

"வரிசயப் பாருங்க, எவ்ளோ நீளம். இதுலயே சாப்பிடுங்கலா," என்று தன் கரண்டியை நீட்டினாள்.

அம்மாவின் மகன் ஒரு கணம் தயங்கினான். பிறகு வாங்கி வாயில் வைத்தான். அன்றுவரை என் வாழ்க்கையில் காதல் என்று சொல்லிக்கொள்ள நடந்தது அது ஒன்றுதான். கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் கிள்ளான் வந்து சேரும்வரை வாய் கொப்பளிக்காமல் வந்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கழிந்திருக்கும், காய்ச்சல் வந்தது. தொண்டை புண்ணாகி எச்சிலை விழுங்குவதே பெரும் வேலையாகிவிட்டது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியது. அம்மா தொட்டுப் பார்த்தார், யோசிக்கவே இல்லை.

"பொன்னுக்கு வீங்கிடா இது."

பொன்னுக்கு வீங்கினால் பொன் போட வேண்டும். மீசை வைத்த ஆண்பிள்ளையின் கழுத்தில் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி ஏறியது. மாட்டாதே என்று கெஞ்ச எனக்குக் குரல் இல்லை. அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் அதிகம் பேசமாட்டார். என்னைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துல இவ்ளோ நக போட்டா போதும்," என்று மட்டும் சொன்னார்.

சங்கிலிக்குக் காய்ச்சல் அடங்கவில்லை என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். தொண்டையைப் பார்த்து ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சு, முதுகு, கை எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஆத்தா வந்திருக்காடா."

கேட்டில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. தலைமாட்டிலும் ஒரு கொத்து. வீட்டில் கறி இல்லை, தாளிப்பு இல்லை, தொலைக்காட்சியில் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வேப்பிலையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன பண்டிகை என்று விசாரித்து, இரண்டு கமலா ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனார். கழுத்தில் தங்கமும் தலையில் வேப்பிலையுமாக நான் படுத்திருந்ததைப் பார்த்தவர்கள், ஒன்று திருவிழா, இல்லை சாவு, இரண்டில் ஒன்று என்று நினைத்திருப்பார்கள்.

சிரிக்கிற மாதிரி சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்படி ஒரு சோர்வை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குளியலறைக்குப் போய்த் திரும்பும் வழியில் மாடிப்படியில் உட்கார்ந்து அங்கேயே தூங்கியிருக்கிறேன். பல்லைத் துலக்கிவிட்டு இளைப்பாற வேண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ள எனக்கு உயிர் மிஞ்சுமா என்று நிஜமாகவே கவலைப்பட்டேன்.

கடைசியில் அப்பா காரை எடுத்து எங்களை வேறொரு கிளினிக்கில் இறக்கிவிட்டார். அங்கே இருந்தவர் இளவயதுச் சீன டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்தார், இடது விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தினார். அம்மாவுக்குப் புரியவேண்டும் என்று மலாயில் நிதானமாக விளக்கினார். இது பொன்னுக்கு வீங்கியும் இல்லை, அம்மையும் இல்லை. இதன் பெயர் மோனோநியூக்ளியோசிஸ், சுருக்கமாக மோனோ. ஒரு வைரஸால் வருவது. இந்த வைரஸ் உடம்பில் இருக்கும்போது அந்த வகை மாத்திரை சாப்பிட்டால் பலருக்கும் இப்படித் தடிக்கும். இதற்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வும் தண்ணீரும்தான். காய்ச்சல் சீக்கிரம் போய்விடும், சோர்வு போக நாளாகும். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, அதில் அடிபட்டால் கிழிந்து ஆபத்தாகிவிடும். அதனால் கனமானதைத் தூக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாது.

மண்ணீரல் என்பதற்கு அவர் மலாயில் லிம்பா என்றார். அம்மா முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பி, "லிம்பான்னா சுவரொட்டிதானடா?" என்றார். ஆட்டின் மண்ணீரலுக்குக் கறிக்கடையில் அதுதான் பெயர். அத்தனை புரியாத பேச்சுக்கு நடுவில் அவருக்குத் தெரிந்த பொருள் ஒன்று கிடைத்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, சிரித்தபடி, ஆங்கிலத்தில் ஒன்று சேர்த்தார்: இதற்குக் கிஸ்ஸிங் டிசீஸ் என்றும் ஒரு பெயர் உண்டு, எச்சிலில் பரவுவதால். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் அந்தச் சொல் வரும்.

காரில் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாலை விளக்கு சிவப்பாகிக் கார் நின்றதும் பின்னால் திரும்பினார்.

"யாருடா?"

"யாரு என்னா?"

"டாக்டரம்மா சொன்னது என் காதுலயும் விழுந்துச்சி."

"அம்மா, எனக்கு யாரும் முத்தம் குடுக்கல. இருவத்தொம்பது வருசமா யாருமே குடுக்கல."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத பெருமயா சொல்றியா, கொறயா சொல்றியா?"

எனக்கே தெரியவில்லை. அப்பா விளக்கு பச்சையானதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார், பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன், சிரிக்கிறார் என்று தெரிந்தது. செண்டோல் கரண்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பழி முழுவதும் அவள் தலையில் போய் விழும். நிச்சயத்துக்கு முன்பே எச்சில் கரண்டி நீட்டிய பெண் என்று அம்மா ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, கல்யாணமாகிப் போன அக்காவின் பழைய நகச்சாயத்தைத் தேடியெடுத்து, என் தட்டிலும் டம்ளரிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். அது என் எல்லை. மறுநாள் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ச் சுவரொட்டி வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்தார். எந்த உறுப்பு கெட்டிருக்கிறதோ அந்த உறுப்பைச் சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்தியம். தண்ணீரே இறங்காத தொண்டையில் ஆட்டின் மண்ணீரல் எப்படி இறங்கும்? சட்டியோடு அப்பா சாப்பிட்டார். கேஸ் தோங், அதாவது சிலிண்டரைத் தூக்கி மாற்றும் வேலையும் அவரிடம் போய்விட்டது, ஆகவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா மனசுக்குள் வைத்திருந்தால் இந்தக் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அத்தைக்குப் போன் போகும். பையனுக்கு வேறு யாராவது இருக்கிறார்களா, உன் காதில் எதுவும் விழுந்ததா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார். டாக்டர் மோனோ என்று சொன்னார், கிஸ்ஸிங் என்று சொன்னார், இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். அத்தை வீட்டு மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் மோனோ அவர் காதில் மோனா ஆகிவிட்டது.

மறுநாள் அத்தை என்னை அழைத்தார்.

"ஏன்டா, யாருடா அந்த மோனா?"

"மோனோ அத்த. அது சீக்கு பேரு."

"ஆமாமா, இப்ப சீக்குன்னுதான் சொல்லுவ. ஒங்கம்மாவே சொல்லிட்டாங்க, முத்தம் குடுத்தான்னு."

நான் விளக்கியதெல்லாம் என் கரகரத்த குரலில் அவருக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியையும் அவர் நம்பவில்லை. அத்தைக்குத் தெரிந்தது இரண்டு மாடி மேலே ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அன்றிலிருந்து அவளிடமிருந்து பதில் வருவது நின்றது. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கோடு மட்டும் வந்தது. மோனா என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று நீளமாக எழுதி அனுப்பினேன். படித்துப் பார்த்தால் இருக்கிறாள் என்பது போலவே இருந்தது. அவளை இழந்துவிடுவேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. நோயில் கண் கலங்குகிறது என்று அம்மாவிடம் சொன்னேன், ஆனால் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மறுபடி பரிசோதிக்க வரச் சொன்ன நாளில் டாக்டரம்மா கேட்டார்: வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டா?

உண்டு. அக்காவின் மகள், இரண்டு வயது. அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். பகலில் குழந்தை தஸ்கா என்கிற காப்பகத்தில் மற்ற பிள்ளைகளோடு இருக்கும், சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வரும்வரை எங்கள் வீட்டில். சின்னக் குழந்தைகளுக்கு இது வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது, லேசாக மூக்கு ஒழுகிப் போய்விடும், பெரியவர்களுக்கு வந்தால்தான் இப்படிப் படுத்தும் என்றார் டாக்டரம்மா. குழந்தையின் எச்சில் என் வாயில் பட்டிருக்குமா?

பட்டிருக்குமாவா. அவள் சப்பித் தந்த பிஸ்கட்டைத் தின்று வளர்ந்தவன் நான். அவள் கஞ்சியில் மிச்சம் எனக்கு, அவள் கடித்த ஆப்பிளின் மீதி எனக்கு. "மாமா, ஆ," என்று நனைந்த பிஸ்கட்டை நீட்டினால் வாயைத் திறக்காமல் இருக்க என்னால் முடியாது. அம்மா ஒருநாளும் அதைத் தடுத்ததில்லை. இப்போதும் அவர்தான் முந்திக்கொண்டார். "பூடாக் பூஞா ஆயர் லியோர் தா கிரா, டாக்டர்," என்றார். குழந்தை எச்சில் கணக்கில் வராது என்று எங்கள் வீட்டுச் சட்டத்தை மலாயில் எடுத்துச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா சட்டத்தை மதித்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, அது வைரஸுக்குத் தெரியாதே ஆன்டி என்றார். யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், குழந்தையாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

எனக்குத் தெம்பு வந்தது. காரில் ஏறியதும், "இத அத்தகிட்ட சொல்லிடுங்கம்மா," என்றேன்.

"சொல்லக் கூடாது."

"ஏம்மா?"

"நம்ம வீட்ல எச்சி திங்கிறோம்னு பிரிக்பீல்ட்ஸ் பூரா தெரியணுமா?"

"அப்ப நான் மோனாகூட சுத்துறேன்னு தெரிஞ்சா பரவால்லயா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அது நிஜமாகவே கடினமான கேள்வி என்று எனக்குப் புரிந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா மகளோடு வந்தார். நலம் விசாரிக்க என்று சொன்னார்கள். ஆப்பிள் ஒரு பை கொண்டுவந்திருந்தார். காலணியை வாசலில் சுவரோரமாக நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவள் என்னை நேராகப் பார்க்கவில்லை. என் அப்பா இரண்டு முறை தொண்டையைக் கனைத்து, மழை, கொம்யூட்டர் ரயில் தாமதம் எல்லாம் பேசி முடித்தார். அக்காவின் மகள் தரையில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை மும்முரமாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, சுத்தி வளைக்காம கேக்குறேன்," என்றார் பெண்ணின் அப்பா. "அந்த மோனா யாரு?"

"அங்கிள், அது மோனோ. சீக்கோட பேரு. டாக்டர் வேணும்னா..."

"சீக்கோ பொண்ணோ, எச்சியில வருதுன்னு படிச்சேன். எச்சி யாருதுன்னு எனக்குத் தெரியணும். எம்பொண்ண குடுக்கப் போறேன்."

கேள்வி நியாயமானதுதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் மகன் கல்யாணம், ஒரு பக்கம் சமையலறை மானம். அவளை மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது குழந்தை எழுந்தது. யாரும் தன்னைக் கவனிக்காதது அதற்குப் பிடிக்கவில்லை போல. நேராக என்னிடம் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பாதி கரைந்து நூலாக எச்சில் தொங்கும் பிஸ்கட்டை நீட்டியது.

"மாமா, ஆ."

பழக்கம் பொல்லாதது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். பிஸ்கட் உள்ளே போனது. குழந்தை தன் ஈர விரலை என் கன்னத்தில் துடைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது.

"எச்சி இந்தப் புள்ளையோடதுண்ணே," என்றார் அம்மா. குரல் உடைந்தே போனது. "டாக்டரும் கேட்டாங்க. நாந்தான் வெளில சொல்ல வேணாம்னு சொல்லிட்டேன். எங்க வீட்ல வேற எச்சியே கெடயாதுண்ணே. கொழந்த எச்சி எச்சியில்லன்னு வுட்டுட்டோம்."

பெண்ணின் அப்பா குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த ரயில்வே விறைப்பு இறங்கிப்போனது.

"அது எப்படி எச்சியாவும்?" என்றார். "இவ சின்னதுல மென்னு துப்புன கச்சான் கடலகூட நான் தின்னுருக்கேன்."

"அப்பா," என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். என் அப்பா ஆப்பிள் பையை வாங்கி உள்ளே வைத்தார். மோனா எங்கள் வீட்டை விட்டுப் போனாள்.

பெரியவர்கள் நிச்சயத்துக்கு நாள் பேச ஆரம்பித்ததும் நான் காற்று வாங்க வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். நகச்சாயப் பொட்டு வைத்த என் டம்ளரில் தேநீர் பாதி இருந்தது. தொண்டை வலிக்குப் பிறகு அண்ணாந்து குடிக்க முடியாமல், நான் வாய் வைத்தே குடித்துக்கொண்டிருந்தேன். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெசேஜ் போடாததுக்கு சாரி," என்றாள். "மோனான்னு அப்பா சொன்ன ஒடனே எனக்கு என்னான்னு புரிஞ்சிடுச்சி. எனக்கு யூனில படிக்கும்போதே இது வந்துடுச்சி."

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒருவாட்டி வந்தா உள்ளயே தூங்கிக்கிட்டு இருக்குமாம். எப்பயாச்சும் எச்சியில வருமாம். அன்னிக்கு அந்தச் செண்டோல் கரண்டி... நாந்தான் ஒங்களுக்குக் குடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன். சொல்லலாம்னு எழுதுவேன், அழிச்சிடுவேன். சொன்னா, ஒனக்கு யாருகிட்டேருந்து வந்துச்சின்னு அப்பா கேப்பாரு."

"கொழந்ததான் குடுத்துச்சி," என்றேன். "டாக்டரே சொல்லிட்டாங்க."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதாகவே இன்றும் எங்கள் இரண்டு குடும்பமும் நம்புகிறது.

அவள் பார்வை வாசலில் வரிசையாக இருந்த காலணிகள் மேல் போனது. "நீங்க கேக்கலியா? எனக்கு யாருகிட்டேருந்து வந்துச்சின்னு?"

கேட்கத் தோன்றவில்லை என்றால் அது பொய். நன்றாகவே தோன்றியது. ஆனால் யாரு, யாரு என்று அம்மா, அத்தை, அவள் அப்பா என்று எல்லாரும் என்னைக் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை எதிரே உட்கார்ந்து வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அங்கயும் ஒரு கொழந்த இருந்திருக்கும்," என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அம்மாடி, அது அவன் டம்ளரும்மா."

"தெரியும் ஆன்டி," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். நான் குடித்தேன்.